வேல்ஜி கடையில் சொன்ன வார்த்தை

அத்தியாயம் 9

சென்ற வாரம் பஞ்சாபகேசனை மாடிப்படியிலேயே உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டோம். சட்டை நனைந்திருந்தது. சம்பளக் கவர் உள்பையில் இருந்தது. கையில் வேல்ஜி மளிகைக் கடையின் சீட்டு. நாற்பத்து நாலு ரூபாய் என்று அவன் மனத்தில் போட்டுவைத்திருந்த இடத்தில் எழுபத்தொன்று என்று எழுதியிருந்தது.

இருபத்தேழு ரூபாய்க்கு ஓர் ஆண்பிள்ளை இப்படிப் படியில் உட்கார்ந்துவிடுவானா என்று கேட்பவர்கள் அந்த வீட்டுச் சங்கதியை மறந்தவர்கள். அப்பாவின் வைத்தியத்துக்கும் கூடப்பிறந்தவளில் பெரியவள் கல்யாணத்துக்குமாகக் கிங்ஸ் சர்க்கிள் திருவேங்கடத்திடம் வாங்கிய கடன் ஆயிரத்தைந்நூறு. நாலு வருஷமாக, பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசைக்கூட மிச்சம் பிடித்துக் கட்டிவந்ததில் அசலில் எழுபத்தைந்து ரூபாய் பாக்கி நின்றது. வட்டி தனியாக நூற்றெண்பது.

ஆனி மாதம் பஞ்சாபகேசன் கல்யாணத்தில் அட்சதை போட்ட கையோடு திருவேங்கடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். செப்டம்பர் முதல் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள் அசல் முழுக்கத் தீர்ந்துவிட்டால் வட்டியைத் தள்ளிவிடுவதாகவும், அதுதான் தம் கல்யாணப் பரிசு என்றும்.

அந்த முதல் தேதிதான் இன்று. சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ். பம்பாய் மாட்டுங்கா முழுக்க மழை. இரண்டு நாளில் பிள்ளையார் சதுர்த்தி.

பஞ்சாபகேசன் ஒருவழியாக எழுந்து உள்ளே வந்தான். ஒற்றை அறை. ஓர் ஓரம் சமையல், ஓர் ஓரம் படுக்கைச் சுருட்டு, நடுவில் ஈரத்துணிக் கொடி. மனைவி அம்மிணி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"அம்மிணி, இந்த ஆத்துல நாம மூணு பேர்தானே?"

"ஆமா."

"ரெண்டு மாசத்துல பதினஞ்சு கிலோ அரிசி ஜாஸ்தி எழுதியிருக்கான். துவரம்பருப்பு, எண்ணெய், வெல்லம். வேல்ஜி அப்படி ஏமாத்தறவன் இல்லை. யாருக்குப் போச்சு?"

அம்மிணிக்கு முகத்தில் ஒரு பயமும் இல்லை. அதுதான் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அது முப்பிடாதிக்காக்கும். கீழாத்துல பாத்திரம் தேய்க்கறாளே, அவளுக்கு. ஆம்படையானுக்கு மிஷின்ல விரல் போயிடுத்து, வேலை இல்லை. ஆனா அது நம்ம கணக்கு இல்லையே. சேட்டு சும்மாவாக்கும் கொடுத்தார்."

"சும்மாவா?"

"நான் சொன்னா கொடுப்பார். உதார்னு சொன்னாப் போரும். உதாரமா கொடுங்கோன்னு."

அடுப்படியில் அப்பளம் சுட்டுக்கொண்டிருந்த சுப்புலக்ஷ்மி திரும்பாமலே இருந்தாள். பஞ்சாபகேசனின் தங்கை அவள். பதினெட்டு வயது, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள்.

பாலக்காட்டுப் பக்கத்தில் உதாரம் என்றால் பெரிய மனசு. மலையாளம் பேசுகிற அக்கம்பக்கத்தோடு பழகி வளர்ந்த அம்மிணிக்கு அது சாதாரண வீட்டுச் சொல். கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரம் அவள் சுப்புலக்ஷ்மியோடு வேல்ஜி கடைக்குப் போனபோது, முப்பிடாதியம்மாள் அரைக் கிலோ அரிசிக்கு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். "உதார் நஹி," என்று வேல்ஜி கையை விரித்துவிட்டார். இந்த மனுஷனுக்குப் பெரிய மனசு இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறாரே என்று அம்மிணிக்கு ஆச்சரியம், கோபம். முன்னால் போய், "உதார், உதார்," என்று அதட்டலாகச் சொல்லி அரிசி மூட்டையைக் காட்டினாள்.

"கிஸ்கே நாம் பே?" என்றார் வேல்ஜி. யார் பேரில் எழுத என்று கேட்டார்.

நாமம் என்ன என்று கேட்கிறார் என்று இவளுக்குப் பட்டது. "அம்மிணி," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார், அரிசியை நிறுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எப்போது முப்பிடாதியைக் கடையில் பார்த்தாலும் அம்மிணி அந்தச் சொல்லைச் சொன்னாள். ஒருநாளும் அவர் இல்லையென்று சொல்லவில்லை. பம்பாயில் கடைக்காரர்கள்கூட எவ்வளவு உதாரம் என்று அவள் அம்மாவுக்குக் கார்டு எழுதியிருக்கிறாள். அந்தக் கார்டைத் தபாலில் போட்டவனே பஞ்சாபகேசன்தான்.

"உதார்னா இங்கே கடன், அம்மிணி," என்றான் அவன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கடனா?"

"கடன். நீ சொல்லச் சொல்ல நம்ம பேர்ல எழுதிண்டே வந்திருக்கான்."

அம்மிணி மெதுவாக டம்ளரைத் தரையில் வைத்தாள். "ஏன்னா, எனக்கு மனசிலாகலை," என்றாள். "சத்தியமா மனசிலாகலை. எங்காத்துல அந்த வார்த்தைக்கு அப்படி அர்த்தமே கிடையாது."

"இங்கே இருக்கே."

அவன் சம்பளக் கவரைப் பிரித்தான். எழுபத்தைந்தைத் தனியாக ஒரு கவரில் போட்டான். நாற்பத்து நாலை எண்ணி அம்மிணியின் முன்னால் வைத்தான். வாடகைக்கும் பாலுக்கும் எடுத்துவைத்தபின் கையில் பதினோரு ரூபாய் நின்றது. ஒரு மாதத்துக்கு அதுதான். அதிலிருந்து இருபத்தேழு எடுக்க எந்தக் கணக்கு வாத்தியாராலும் முடியாது.

"வேல்ஜியை அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லலாமே," என்றாள் சுப்புலக்ஷ்மி.

"அவன் நாளைக்கு ஊருக்குப் போறான். ஆறு மாசம் மைத்துனன் கையில கடை. பழைய பாக்கி எல்லாம் இன்னிக்கே தீரணும்னு ஒரு வாரமா சொல்லிண்டிருக்கான். கல்யாணச் செலவுன்னு சொல்லி ஒரு தரம் பொறுத்துண்டாச்சு. இன்னொரு தரம் நான் கேக்க மாட்டேன்." அவன் அம்மிணியைப் பார்த்தான். "நீ போய் உள்ளதைச் சொல்லு. எனக்கு அர்த்தம் தெரியலை, வாங்கினது அவ, அவ பேர்ல எழுதிக்கோன்னு சொல்லு. அவன் நியாயஸ்தன், கேட்டுப்பான்."

"ஏன்னா, அவ எங்கே போவா காசுக்கு?"

"நான் எங்கே போவேன்?" என்றான் பஞ்சாபகேசன். "நாலு வருஷமா ஒத்தருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்ததில்லை இந்த ஆத்துல. யாராவது படியேறி வந்தா அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்திருக்கோம். எனக்கு மட்டும் அது பிடிச்சா இருந்தது? கடன் தீரட்டும்னு இருந்தேன். கடன் தீர்ந்தப்பறம் கொடுக்கறதுதான் கொடுக்கறது. கடன் வாங்கிக் கொடுக்கறது வேல்ஜி பணத்துல நாம பேர் வாங்கறது."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அம்மிணி அழுதாள்.

சனிக்கிழமைகளில் மத்தியானம் அவனுக்குக் காட்கோபரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை இருந்தது. மாதம் முப்பது ரூபாய் வரும்; அது அப்படியே திருவேங்கடத்துக்குப் போகும், போன மாதத்துப் பணமும் போயாயிற்று. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எழுபத்தைந்து ரூபாய்க் கவரைத் தங்கையிடம் கொடுத்தான்.

"சுப்பு, மன்னியோட கடைக்குப் போ. அவளுக்கு ஹிந்தி வராது. அவ சொல்றதைச் சேட்டுகிட்ட எடுத்துச் சொல்லு. அப்பறம் நேரே திருவேங்கட மாமா ஆத்துக்குப் போய் இதைக் கொடுத்துடு. ஆறு மணி. ஒரு நிமிஷம் தாண்டப்படாது."

*

கடையில் கூட்டம். ஊருக்குப் போகிற அவசரத்தில் வேல்ஜி பாக்கிக்காரர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். முப்பிடாதியம்மாள் மழைக்காகக் கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றாள். அம்மிணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்கம்மா. இந்த மழையில நீங்க வரணுமா? என்னைய ஒரு குரல் கூப்பிட்டா வாங்கியாந்து தர மாட்டனா?"

அம்மிணி அவளைப் பார்க்கவில்லை. வேல்ஜியையும் பார்க்கவில்லை. பருப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று ஒப்பித்தாள்.

"சுப்பு, சொல்லு. அந்த இருபத்தேழு ரூபா நம்ம கணக்கு இல்லை. எனக்கு வார்த்தை தெரியாம சொல்லிட்டேன். அரிசி வாங்கினது முப்பிடாதி, அவ பேர்லயே எழுதிக்கச் சொல்லு."

முப்பிடாதியம்மாளுக்குத் தமிழ் தெரியும் என்பதை அவள் அந்த நிமிஷம் மறந்துவிட்டாளா, அல்லது தெரிந்தேதான் சொன்னாளா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. முப்பிடாதியின் முகம் அப்படியே நின்றுபோயிற்று.

"அப்பம் அது எம் பேர்ல கடனாம்மா?" என்றாள் சன்னமாக. "நீங்க ஒங்க கணக்குல தாரீயன்னுல்லா நெனச்சேன். இம்புட்டும் எம் பேர்ல ஏறும்னு தெரிஞ்சா தொட்டிருக்க மாட்டேனே."

வேல்ஜி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று சுப்புலக்ஷ்மியைக் கேட்டார். அந்த அம்மாள் பேரில் எழுதுவதானால் எழுதிக்கொள்கிறேன், ஆனால் அவளிடம் பணம் ஏது, வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைக்கட்டும் என்று ஹிந்தியில் சொன்னார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. வியாபாரம் பேசினார்.

இது அம்மிணிக்குப் புரியவில்லை. மற்ற இருவருக்கும் புரிந்தது. தாராவிக் குடிசையில் மாலை ஒரு மணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீருக்கு ஒரு குடம்தான் இருக்கும் என்பதும் புரிந்தது.

சுப்புலக்ஷ்மி ஹிந்தியில் பேசினாள். பள்ளிக்கூடத்து ஹிந்தி இல்லை, தெருவில் கற்ற ஹிந்தி. வேகமாக, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். எல்லாம் எங்கள் பேரிலேயே இருக்கட்டும், சேட்ஜி. நாற்பத்து நாலை மன்னி தருவார். அவர் போனதும் மிச்சம் இருபத்தேழை நான் தருகிறேன். இப்போது அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

வேல்ஜி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஒத்துண்டாரா?" என்றாள் அம்மிணி.

"ஒத்துண்டார் மன்னி."

"அவ பேர்ல எழுதிண்டுட்டாரா?"

"ம்."

அம்மிணி நாற்பத்து நாலு ரூபாயைப் பலகைமேல் வைத்தாள். புடவைத் தலைப்பைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். வீட்டுப் பக்கம் திரும்புகிறவரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு மோசமான காரியத்தைச் செய்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டு போனாள். செய்யவில்லை என்று அவளுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

சுப்புலக்ஷ்மி கவரைப் பிரித்து இருபத்தேழை எண்ணிக் கொடுத்தாள். வேல்ஜி இவர்கள் கணக்கின் மேலே கோடு போட்டார்.

தெருவுக்கு வந்ததும் முப்பிடாதியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தாயி, அவுக ஒண்ணு சொல்லுதாவ, நீ ஒண்ணு சொல்லுத. எனக்கு ஹிந்தி தெரியாதுன்னா நெனச்ச? பத்து வருசமா இந்த ஊர்ல கெடக்கேன். இது ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பொறவு எதுக்கு?"

"முதல் நாள் மன்னி அந்த வார்த்தையைச் சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றாள் சுப்புலக்ஷ்மி. "எனக்கு அப்பவே தெரியும். நான் சொல்லியிருக்கலாம். சொல்லலை."

"ஏன் சொல்லல?"

ஏன் என்று அவளுக்கே முழுசாகத் தெரியாது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. மன்னி வந்த இரண்டாம் வாரமே கடைத்தெருவில் நின்று, உரிமையாக, இவளுக்குக் கொடு என்று சொன்னாள். அந்த நிமிஷம் சுப்புலக்ஷ்மிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கொடுக்கிற வீட்டுப் பெண்ணாக ஒருநாள் இருந்து பார்க்கலாமே என்று ஆசைப்பட்டாள். ஒருநாள் இரண்டு மாதமாகிவிட்டது.

"எனக்குப் பிடிச்சிருந்தது," என்றாள். "அதனால அது என் கடன். நீங்க இதை மன்னிகிட்டச் சொல்லப்படாது."

"எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லிக் கொடத்தைக் கொண்டாந்திருப்பேன் தாயி. நீ இப்படிச் செஞ்சிருக்கவே வேண்டாம்," என்றாள் முப்பிடாதியம்மாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரிய பாரத்தை வாங்கிக்கொண்டவள் மாதிரிதான் மழையில் நடந்து போனாள்.

*

திருவேங்கடம் பொல்லாத மனுஷர் இல்லை. ரயில்வேயில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுவார், கடிகாரத்தைப் பார்த்துத்தான் தூங்குவார். சுப்புலக்ஷ்மி போனபோது மணி ஆறாக இருபது நிமிஷம். உட்காரச் சொன்னார். மாமி துண்டு கொடுத்தாள்.

கவரைப் பிரித்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நாப்பத்தெட்டுன்னா இருக்கு, குழந்தே."

"இருபத்தேழு குறையறது மாமா. ஒரு வாரம் கொடுங்கோ. ட்யூஷன் எடுத்தாவது நான் கட்டிடறேன்."

"பஞ்சு முழுக்கக் கொடுத்தானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்ல வரவில்லை. மளிகைக் கடையில் இன்னொருவருக்காகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். யாருக்காக என்று அவர் கேட்டார். அதையும் சொன்னாள்.

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல காரியம்தான்," என்றார். "ஆனா யார் பணத்துல பண்ணினே? அந்தக் கவர் பஞ்சு கையை விட்டப்பறம் என் பணம். என் பணத்தை எடுத்து, என்னைக் கேக்காம, நேக்குத் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்திருக்காய். நான் தள்ளறேன்னு சொன்ன வட்டியும் என் பணம்தான். அது நானா மனசு வச்சுக் கொடுக்கறது. அதுக்கு ஒரு தேதி சொன்னேன். வார்த்தைன்னா ரெண்டு பக்கமும் நிக்கணும்."

"அண்ணா நிக்கறான் மாமா. நான்தான்."

"ஆத்துக்குள்ள நீங்க பிரிச்சுக்கலாம். நேக்கு ஒரு கணக்குதான்." அவர் நோட்டை எடுத்தார். "நாப்பத்தெட்டை வரவு வச்சுக்கறேன். அசல் இருபத்தேழு நிக்கறது. வட்டி நூத்தியெம்பது நிக்கறது. நீ சின்னவள், நோக்கு ரசீது கொடுக்கறது முறை இல்லை. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலம்பற நானே வந்து பஞ்சுகிட்டப் பேசிக் கொடுக்கறேன்."

மாமி கொண்டுவந்த காப்பியை அவள் குடிக்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது உள்ளே கடிகாரம் ஆறு அடித்தது.

*

பஞ்சாபகேசன் ஏழரை மணிக்கு வந்தான். படியிலேயே கேட்டுக்கொண்டு வந்தான்.

"கொடுத்தாச்சா சுப்பு?"

"கொடுத்தாச்சு."

"ரசீது?"

"நாளைக்குக் காலம்பற மாமாவே வந்து தரேன்னார்."

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அதைச் சொன்னபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மன்னி இல்லாதபோது, சாப்பாடானதும், மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"அவரே வராரா? நம்ம ஆத்துக்கா?" பஞ்சாபகேசன் குடையை மடக்கக்கூட மறந்து நின்றான். "அப்பா காரியத்துக்குக்கூட அவர் படியேறி வரலை. அம்மிணி, நாளைக்கு நல்ல டிகாஷனாப் போடு. பால் அரை லிட்டர் கூட வாங்கிக்கோ."

அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். நாலு வருஷத்தில் அவன் தோள் அப்படித் தளர்ந்து இறங்கி சுப்புலக்ஷ்மி பார்த்ததில்லை. அம்மிணி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அழாதே," என்றான் அவளிடம். "மத்தியானம் நான் பேசினது ஜாஸ்திதான். அவ கடனை அடுத்த மாசம் நாமே கட்டிடலாம். வேல்ஜி மைத்துனன்கிட்ட நான் சொல்றேன். சதுர்த்திக்கு அந்த அம்மாளுக்கும் கொழுக்கட்டை எடுத்து வை. இனிமே நாம கொடுக்கலாம், அம்மிணி. யாரைக் கேக்கணும்?"

அம்மிணி முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தரம் சந்தோஷத்தில் அழுதாள்.

"அண்ணா," என்றாள் சுப்புலக்ஷ்மி.

"இரு, இன்னொண்ணு சொல்றேன். என் பக்கத்து ஸீட் பிரம்மநாயகம் தெரியுமோல்லியோ? மூணு குழந்தை, பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி. சனிக்கிழமை வேலை ஏதாவது இருந்தாச் சொல்லுங்கன்னு ஒரு வருஷமாக் கேட்டிண்டிருக்கான். இன்னிக்குக் காட்கோபர்ல முதலாளிகிட்டச் சொல்லிட்டேன், அடுத்த வாரத்துலேருந்து எனக்குப் பதிலா அவன் வருவான்னு. திரும்பற வழியில அவன் ஆத்துக்கே போய்ச் சொன்னேன்."

"விட்டுட்டியா?" என்றாள் அவள். "முப்பது ரூபாயை?"

"கடன் தீர்ந்தாச்சே. நமக்கு இனிமே எதுக்கு?" அவன் சாதத்தைப் பிசைந்தான். "கையைப் பிடிச்சிண்டு அழுதுட்டான் சுப்பு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. ஒத்தருக்குக் கொடுத்தா இப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு."

சுப்புலக்ஷ்மி ரசத்தை அவன் தட்டில் விட்டாள். கொஞ்சம் தரையில் சிந்திற்று. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. நாளை வருகிற விருந்தாளிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.